தோட்டா எங்கே நிற்கிறது? பழைய .303 ரைபிளின் ஏற்றக் கோளாறுகள்

2019 ஆகஸ்டில் பீகார் முன்னாள் முதல்வர் ஜகன்னாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதைக்காகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட 22 துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அடுத்த ஜனவரியில், குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேசக் காவல் துறை .303 ரைபிளுக்கு விடை கொடுத்தது. இப்படிச் செய்திகள் வரும்போதெல்லாம் ‘பழைய துப்பாக்கி, சிக்கிக்கொள்ளும்’ என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல கோளாறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. விசையை இழுத்தும் வெடிக்காதது ஒன்று. வெடித்த உறை வெளியே வராதது இன்னொன்று. மேகசினில் இருக்கும் தோட்டா குழலுக்குள் ஏறாதது மூன்றாவது. முதலாவதற்குத் தோட்டாவின் மருந்தும், அடிபட்டதும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் காரணமாக இருக்கலாம்; ஏற்றக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. எடுத்துக்காட்டு, இந்தியக் காவலர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்த லீ-என்ஃபீல்டு ரைபிள். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் தயாரானது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படை தோளில் சுமந்தது. இதன் ஏற்ற அமைப்பைப் புரிந்துகொண்டவருக்கு, அதே காலத்து மற்ற போல்ட் ரைபிள்களின் கோளாறுகளும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் சில சொற்கள்

பேச்சுவழக்கில் தோட்டாவும் குண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. இங்கே பிரித்துக்கொள்வோம். பித்தளை உறை, அதனுள் மருந்து, அடியில் கேப், நுனியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருள்தான் தோட்டா. பறந்து செல்வது குண்டு மட்டும்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை சேம்பர். அறையை அடைத்துப் பூட்டும் எஃகு உருளை போல்ட். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கினால் ஒரு சுற்று முடிகிறது. போல்ட்டின் முன்முனையில் தனியாகத் திருகப்பட்ட துண்டு போல்ட் தலை. உறையைப் பிடித்து வெளியே இழுக்கும் சிறிய கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதில்தான் இருக்கிறது.

தோட்டாக்கள் அடுக்கப்படும் தகரப் பெட்டி மேகசின். லீ-என்ஃபீல்டில் 10 தோட்டாக்கள், இரண்டு வரிசைகளாக மாறி மாறி அமரும். அடியில் ஒரு ஸ்பிரிங்; அதன் மேல் தோட்டாக்களைத் தாங்கும் தகடு. பெட்டியின் வாயில் இரு பக்கமும் உள்நோக்கி வளைந்த மடிப்புகள் உண்டு. மேல் தோட்டா துள்ளி வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பவை அவை. இந்த வாய் மடிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசப்போகும் கோளாறுகளில் பாதி இவற்றில்தான் பிறக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் விளிம்பு

.303 தோட்டாவின் அடிப்பாகத்தில் உறையைவிட அகலமான பித்தளை விளிம்பு ஒன்று சுற்றி நிற்கிறது. உறையின் அடி விட்டம் ஏறத்தாழ 11.7 மி.மீ.; விளிம்பின் விட்டம் 13.7 மி.மீ. அதாவது ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. அளவே அது நீட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டா சேம்பருக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை இந்த விளிம்பு தீர்மானிக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் பிடிப்பதும் இதைத்தான்.

1888-இல், லீ-என்ஃபீல்டின் முன்னோடியான லீ-மெட்ஃபோர்டு ரைபிளோடு இந்தத் தோட்டா வந்தபோது அதில் கருமருந்து இருந்தது. அன்றைக்கு விளிம்பு வைப்பது இயல்பான வழக்கம். ஜெர்மனியின் மவுசர் ரைபிள்கள் அதே காலத்தில் விளிம்பில்லாத தோட்டாவுக்கு மாறிவிட்டன. பிரிட்டனும் மாற முயன்றது: 1913-இல் விளிம்பில்லாத .276 தோட்டாவுக்காக ஒரு புதிய ரைபிளைச் சோதித்தது. 1914-இல் போர் வந்தது. கோடிக்கணக்கில் தோட்டா தேவைப்படும் நேரத்தில் அளவை மாற்ற முடியவில்லை. அந்தப் புதிய ரைபிளையே.303-க்கு ஏற்றபடி மாற்றித் தயாரித்தார்கள். இப்படித்தான் கருமருந்துக் காலத்து விளிம்பு இரண்டு உலகப் போர்களையும் கடந்து, 21-ஆம் நூற்றாண்டில் இந்தியக் காவலரின் தோள்வரை வந்தது.

விளிம்பினால் வரும் தொல்லை ஒன்றே ஒன்று. மேல் தோட்டாவின் விளிம்பு, அதற்குக் கீழே உள்ள தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், போல்ட் முன்னால் தள்ளும்போது மேலது கீழதையும் இழுக்கிறது. கீழ்த் தோட்டா நகர இடமில்லை. போல்ட் பாதியில் நின்றுவிடுகிறது. இதை விளிம்புப் பூட்டு எனலாம்.

இதைத் தவிர்க்க ரஷ்யர்கள் ஒரு வழி கண்டார்கள். 1891-இல் ஏற்கப்பட்ட மோசின்-நாகன் ரைபிளும் விளிம்புள்ள தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு தடுப்புத் தகடு. மேல் தோட்டா மட்டும் மேலே வந்து நிற்க, இரண்டாவது தோட்டாவை அது கீழேயே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே அங்கே பூட்டிக்கொள்ள வாய்ப்புக் குறைவு. ஆனால் அந்தத் தகடு தேய்ந்தாலோ வளைந்தாலோ ஒரே நேரத்தில் இரண்டு தோட்டா கிளம்பிவிடும். லீ-என்ஃபீல்டில் தடுப்புத் தகடு கிடையாது. வாய் மடிப்புகளின் வளைவையும் தோட்டா அடுக்கும் முறையையும் நம்பியே அது இயங்குகிறது.

கோளாறு இல்லாதபோது என்ன நடக்கிறது

1. போல்ட்டை முழுவதும் பின்னால் இழுக்கிறோம். வெடித்த உறை வெளியே விழுகிறது. போல்ட்டின் முகம் மேல் தோட்டாவின் விளிம்பைத் தாண்டிப் பின்னே போகிறது.

2. ஸ்பிரிங் தள்ள, மேல் தோட்டா எழுந்து வாய் மடிப்பில் முட்டி நிற்கிறது. அதன் விளிம்பின் மேல்பகுதி போல்ட் வரும் பாதையில் தெரிகிறது.

3. போல்ட்டை முன்னால் தள்ளும்போது போல்ட் தலையின் அடிப்பாகம் விளிம்பைப் பிடித்துத் தோட்டாவை முன்னே நகர்த்துகிறது.

4. குண்டின் நுனி சேம்பருக்கு முன்னுள்ள சரிவில் ஏறி, மேல்நோக்கித் திரும்பி, வாயில் நுழைகிறது.

5. தோட்டா மடிப்பை விட்டு விடுபடுகிறது. கடைசிச் சில மில்லிமீட்டரில் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி விளிம்பைக் கவ்வுகிறது. கைப்பிடி மடங்கி, போல்ட் பூட்டுகிறது.

ஐந்து கட்டங்களிலும் தோட்டா வேறு வேறு இடத்தில் இருப்பதால், கோளாறு வரும்போது அது நின்ற இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘துப்பாக்கி மாட்டிக்கொள்கிறது’ என்பது நோயாளி ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்வதற்குச் சமம். எங்கே மாட்டியது, குண்டின் நுனி எதில் முட்டியது, விளிம்பு எதற்குக் கீழே இருந்தது என்று கேட்டால்தான் சிகிச்சை தொடங்கும்.

சோதனைக்கு உயிர்த் தோட்டாவைப் பயன்படுத்தவே கூடாது. மருந்தும் கேப்பும் இல்லாத பயிற்சித் தோட்டாக்கள் இதற்கென்றே உண்டு. அவை நிஜத் தோட்டாவின் முழு நீளத்திலும் குண்டு வடிவத்திலும் இருக்க வேண்டும். நுனி குட்டையான பயிற்சித் தோட்டாவை வைத்துச் சோதித்தால் இல்லாத நோய் தெரியும், இருக்கும் நோய் மறையும். மரியாதை வேட்டுக்குப் பயன்படும் வெற்றுத் தோட்டாவுக்கும் இதே சங்கடம். அதில் குண்டு இல்லை. நுனி சுருக்கி மூடப்பட்டிருக்கும். குண்டு நுனி சரிவில் ஏற வேண்டும் என்று வடிவமைத்த பாதையில் அது அதே ஒழுங்கோடு போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

போல்ட் தோட்டாவின் மேலேயே சறுக்கிப் போனால்

போல்ட் மூடிக்கொள்கிறது, சேம்பர் காலி. தோட்டா மேகசினிலேயே இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, இது கோளாறுதானா என்பது. லீ-என்ஃபீல்டின் 1907 வடிவமான மார்க் 3 ரைபிள்களில் மேகசினின் வாயை மூடும் ஒரு பக்கத் தகடு உண்டு. அதை உள்ளே தள்ளிவிட்டால் மேகசின் இருப்பில் கிடக்கும். வீரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடலாம் என்பது அன்றைய தளபதிகளின் சிக்கனக் கணக்கு. அகழிப் போரில் அதற்கு மதிப்பில்லாமல் போகவே, போர்க்காலத்தில் எளிமைப்படுத்தப்பட்ட அடுத்த வடிவத்தில் நீக்கப்பட்டது. இந்தத் தகடு உள்ளே இருப்பதை அறியாமல் மேகசினைக் கழற்றி ஸ்பிரிங்கை வளைத்துக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

தகடு இல்லை, அல்லது வெளியே இழுத்தாகிவிட்டது, ஆனாலும் தோட்டா எழவில்லை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மேகசினுக்குள் காய்ந்து இறுகிய பழைய கிரீஸ்: பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்த ரைபிள்களில் இதுதான் முதல் குற்றவாளி. அடுத்து, தளர்ந்த அல்லது திரும்பப் பொருத்தும்போது தவறாக அமர்ந்த ஸ்பிரிங். தாங்கு தகட்டை விரலால் அழுத்தி விட்டால் ஒரு பக்கமும் சாயாமல் உடனே மேலே வர வேண்டும். மூன்றாவது, மேகசினையே பிடித்திருக்கும் கொக்கி. அது தேய்ந்திருந்தால் பெட்டி முழுவதுமே ஒரு நூலளவு கீழே இறங்கி நிற்கும். பெட்டியைக் கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இயக்கினால் தோட்டா ஏறுகிறது, விட்டால் ஏறவில்லை என்றால் கொக்கிதான் காரணம். மடிப்பைத் தொட வேண்டாம்.

நுனி முட்டி நின்றால்

குண்டின் நுனி சேம்பர் வாய்க்குக் கீழே, சரிவில் குத்தி நிற்பது அடிக்கடி வரும் கோளாறு. தோட்டாவின் முன்பகுதி போதுமான உயரத்துக்கு வரவில்லை என்று பொருள். தாங்கு தகட்டின் முன்பகுதி சரிந்திருக்கலாம்; மேகசினின் முன்பக்கம் எங்கோ விழுந்து நசுங்கியிருக்கலாம்; முன்மடிப்புகள் உள்ளே வளைந்திருக்கலாம்.

தோட்டா மாறியதாலும் இது வரும். 1910-இல் ஏற்கப்பட்ட மார்க் 7 தோட்டா கூர்நுனி கொண்டது. குண்டின் எடை 174 கிரெய்ன், அதாவது சுமார் 11 கிராம். அதற்கு முந்தையது உருண்டை நுனியும் 215 கிரெய்ன் எடையும் உடையது. பிற்கால லீ-என்ஃபீல்டின் மேகசினும் சரிவும் கூர்நுனிக்காகச் சீரமைந்தவை. ஈயம் வெளியே தெரியும் மென்னுனி வேட்டைத் தோட்டாவைப் போட்டால், சரிவில் வழுக்கிப் போக வேண்டிய நுனி நசுங்கிக் கடித்துக்கொள்ளும். ரைபிளில் குறையில்லை, ஆகவே ரைபிளைத் திருத்துவதும் தவறு. ஒரே ரைபிளில் இரண்டு வகைத் தோட்டாவை ஓட்டிப் பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

நுனி மேலே முட்டினாலோ, தோட்டா மடிப்பை மீறித் துள்ளிக் கிளம்பினாலோ, பின்மடிப்புகள் அகன்றுவிட்டன. ஒரு பக்கத் தோட்டா மட்டும் துள்ளுகிறதா என்று கவனிக்க வேண்டும். இரு வரிசை மேகசினில் இடது, வலது என மாறி மாறி வருவதால், ஒன்று விட்டு ஒன்று கோளாறு செய்தால் ஒரு பக்க மடிப்பு மட்டுமே கெட்டிருக்கிறது. தோட்டாக்களுக்கு 1 முதல் 10 வரை மையால் எண் போட்டு ஓட்டினால் இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விளிம்புப் பூட்டு வந்தால்

போல்ட் கிளம்பிய உடனேயே கல்லில் மோதியது போல நின்றால், மேல் இரண்டு தோட்டாக்களின் விளிம்புகளைப் பாருங்கள். மேலதன் விளிம்பு பின்னால் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலும் இது ஏற்றியவரின் கைத்தவறு. ஒவ்வொரு தோட்டாவையும் அதற்குக் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் தன் விளிம்பு வரும்படி வைத்து அழுத்தினால் பூட்டு விழாது.

ராணுவத்தில் கையால் ஒவ்வொன்றாக ஏற்றும் வழக்கம் குறைவு. ஐந்து தோட்டாக்களைப் பிடித்த சார்ஜர் என்ற தகரப் பட்டையை மேலிருந்து செருகி, கட்டை விரலால் ஒரே அழுத்தில் இறக்குவார்கள். சார்ஜரில் விளிம்புகள் கீழ், மேல், கீழ், மேல், கீழ் என்று அமையும். எந்த முனையை மேலே பிடித்தாலும் ஒரே வரிசை. இருட்டிலும் பதற்றத்திலும் யோசிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள மேகசினில், இறங்கும் வேகத்தில் தோட்டாக்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். சார்ஜரால் ஏற்றியும் தொடர்ந்து பூட்டு விழுகிறதென்றால் குற்றம் அடுக்கில் இல்லை. வளைந்த சார்ஜர், நசுங்கிய மேகசின் என்று பார்வையைத் திருப்ப வேண்டும்.

இரண்டு தோட்டா கிளம்பினால்

ஆபத்தானது இதுதான். வேறு கோளாறுகளில் நேரம் போகும். இதில் கை போகலாம்.

தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிவிட்டு, போல்ட்டைப் பூட்டாமல் மீண்டும் பின்னால் இழுக்கிறார் ஒருவர். எக்ஸ்ட்ராக்டர் இன்னும் விளிம்பைக் கவ்வவில்லை. முதல் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடுகிறது. போல்ட் முன்னே வரும்போது இரண்டாவது தோட்டாவைக் கொண்டுவருகிறது. அதன் கூர்நுனி நேராகப் போய் நிற்பது முதல் தோட்டாவின் அடியில். அங்கே இருப்பது கேப். போல்ட் பூட்டப்படாத நிலையில் அந்தத் தோட்டா வெடித்தால், பின்னால் வரும் வாயுவையும் பித்தளைத் துண்டுகளையும் தடுக்க எதுவும் இல்லை.

ஆகவே போல்ட் முன்னே போக மறுத்தால் பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது. இது பயிற்சியின் முதல் நாளே கையில் ஏற வேண்டிய பாடம். மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, சேம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டும். பாதியில் இழுக்கும் பழக்கம் காரணமா, கூர் மழுங்கிய எக்ஸ்ட்ராக்டரும் அதன் தளர்ந்த ஸ்பிரிங்கும் காரணமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரோஸ் ரைபிள்: தவறான காரணம் சொன்னதன் விலை

கடைசிக் கட்டத்தில், அதாவது தோட்டா உள்ளே போனபின் போல்ட் பூட்டாமல் அல்லது திறக்காமல் நிற்பதற்கு, வரலாற்றில் மிகக் கசப்பான எடுத்துக்காட்டு கனடாவின் ரோஸ் ரைபிள். அதே .303 தோட்டா, ஆனால் கைப்பிடியைத் தூக்காமல் நேராக இழுத்துத் தள்ளும் போல்ட். குறி தவறாத இலக்குத் துப்பாக்கி. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடந்த இரண்டாம் ஈப்ர் போரில் அது கனடிய வீரர்களின் கையில் இறுகிக்கொண்டது. பூட்ஸ் காலால் உதைத்து போல்ட்டைத் திறந்தார்கள். உயிர் பிழைத்த 5,000 பேரில் 1,400-க்கும் மேற்பட்டோர் ரோஸை எறிந்துவிட்டு, வீழ்ந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சேறுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். சேறு உண்மைதான், ஆனால் லீ-என்ஃபீல்டும் அதே சேற்றில்தான் கிடந்தது. ரோஸின் சேம்பர் இறுக்கமான அளவில் குடையப்பட்டது. போர்க்கால அவசரத்தில் பிரிட்டனில் தயாரான தோட்டாக்கள் அளவில் முன்பின்னாக இருந்தன. லீ-என்ஃபீல்டின் தாராளமான சேம்பர் அவற்றை ஏற்றது, ரோஸ் ஏற்கவில்லை. போதாக்குறைக்கு, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது தடுத்து நிறுத்தும் சிறிய தடை போல்ட்டின் பூட்டுப் பல்லிலேயே மோதி அதை நசுக்கியது. உதைக்க உதைக்கப் பல் இன்னும் நசுங்கியது. நசுங்க நசுங்க இன்னும் உதைக்க வேண்டியதாயிற்று. சேம்பரைச் சற்று அகலப்படுத்தியும் பார்த்தார்கள். 1916-இல் களத்திலிருந்து அது விலக்கப்பட்டது. படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் அதுவரை அந்த ரைபிளை விடாமல் ஆதரித்தார். காரணத்தை நேராகப் பார்த்திருந்தால் அந்தக் காலதாமதம் நேர்ந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

லீ-என்ஃபீல்டில் போல்ட் பூட்ட மறுத்தால் இதே வரிசையில் பாருங்கள்: முதலில் தோட்டாவின் அளவும் பச்சை பிடித்த பித்தளையும், பிறகு சேம்பரின் அழுக்கு, கடைசியில் போல்ட். அதன் பிற்கால வடிவமான நம்பர் 4 ரைபிளின் போல்ட் தலைகள் 0 முதல் 3 வரை எண்ணிட்ட நான்கு அளவுகளில் வந்தன. ஒவ்வொரு ரைபிளுக்கும் பொருந்தியதை அளந்து போட்டார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது என்று வேறொரு ரைபிளின் போல்ட்டை எடுத்துப் பொருத்தினால், பூட்டாது. அல்லது அதைவிட மோசமாக, தளர்வாகப் பூட்டும்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

மவுசரில் தோட்டாவை வழிநடத்தும் விளிம்புகள் துப்பாக்கியின் உடற்பகுதியிலேயே குடையப்பட்டவை. லீ-என்ஃபீல்டில் அந்த வேலையின் பெரும்பகுதியை மேகசின் செய்கிறது. கெடுவது எளிது என்பது இதன் குறை. கெட்டால் மாற்றுவதும் எளிது என்பது நிறை. எனவே முதல் சோதனை வேறொரு நல்ல மேகசினைப் பொருத்திப் பார்ப்பதுதான். கோளாறு மறைந்தால் ரைபிள் நலமாக இருக்கிறது. மறையாவிட்டால் மடிப்புகளை வளைத்துப் பயனில்லை. மார்க் 3-இன் மேகசினும் நம்பர் 4-இன் மேகசினும் தோற்றத்தில் நெருங்கியவை என்றாலும் ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய பொருட்களை வாங்குவோர் இதில் ஏமாறுகிறார்கள்.

மடிப்பை வளைப்பது கடைசி வேலை. பழைய படைக்கல நிலையங்களில் ஆர்மரர்கள் என்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் அதைச் செய்தார்கள். அவர்களிடம் அளவுகோல் இருந்தது, கையில் பழக்கம் இருந்தது. குறடால் ஒரு நெம்பு நெம்பினால் மெல்லிய எஃகு வெடித்துவிடும். சேம்பர் வாயின் சரிவை அரம் போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கேடு. மேகசின் போனால் வேறு மேகசின் கிடைக்கும். உடற்பகுதியிலிருந்து தேய்த்தெடுத்த எஃகு திரும்ப வராது.

இந்தியாவில் சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றவர்களின் கையில் இருக்கும் இஷாப்பூர் .315 ரைபிள், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அந்தத் தோட்டாவுக்கும் விளிம்பு உண்டு. மேலே சொன்ன ஏற்ற முறை, அடுக்கும் முறை, கண்டறியும் வரிசை யாவும் அதற்கும் பொருந்தும்.

விளிம்பை எடுத்துவிட்டால்?

இந்தக் கேள்விக்கு இஷாப்பூரே விடை செய்து காட்டியது. 1962 சீனப் போருக்குப் பின், 1960-களில், லீ-என்ஃபீல்டு மார்க் 3 வடிவத்தையே வலுவான எஃகில் செய்து 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். 2ஏ, 2ஏ1 என்பவை அவை. அந்தத் தோட்டாவுக்கு வெளியே நீளும் விளிம்பு இல்லை. நீளமும் குறைவு: .303-இன் 78 மி.மீ.க்கு எதிராக 71 மி.மீ. அதற்கேற்பச் சதுரமான புது மேகசின் வந்தது.

விளிம்புப் பூட்டு அடியோடு மறைந்தது. மற்றவை மறையவில்லை. அகன்ற மடிப்பு, தளர்ந்த ஸ்பிரிங், இறுகிய கிரீஸ், தேய்ந்த கொக்கி, பாதியில் இழுத்த போல்ட் என எல்லாம் 2ஏ1-இலும் அதே இடங்களில், அதே அடையாளங்களோடு வருகின்றன. .303 மேகசினை 2ஏ1-இல் மாட்டிவிட்டு ஏறவில்லை என்று குறைசொல்வதுதான் அதில் புதிதாகச் சேர்ந்த ஒரே கோளாறு.